புகையும் அதிகாரமும்

மோட்டார் வண்டிகள் கக்கும் புகையை அடக்க நம் நாட்டில் சட்டம் இல்லையென்று யாரும் குறைகூற முடியாது. 1981-ஆம் வருஷத்துக் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் 1989-ல் வகுத்த விதிகள் இருக்கின்றன. அபராதங்களைப் பன்மடங்கு உயர்த்திய 2019-ஆம் வருஷத்துத் திருத்தமும் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், கும்மிடிப்பூண்டியிலிருந்து கவரைப்பேட்டை, செங்குன்றம் வழியாகச் சென்னை வரும் நெடுஞ்சாலையில் லாரிகளின் பின்னே செல்லும் தொழிலாளி மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. திருவள்ளூர் ஜில்லாவின் கீழ்ப்பகுதி தொழிற்சாலைகளாலும் துறைமுகங்களாலும் நிறைந்தது. பக்கத்திலுள்ள மணலியை, கடுமையாக மாசுபட்ட இடங்களுள் ஒன்றென்று 2009-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கெடுத்துச் சொல்லிவிட்டது. புகைபோக்கியின் நஞ்சோடு லாரியின் நஞ்சையும் அப்பிரதேசத்து ஜனங்கள் ஏன் சுவாசிக்க வேண்டுமென்று கேட்கிறோம்.

கண்ணுக்குத் தெரியும் கரும்புகையைவிடக் கண்ணுக்குத் தெரியாத மோசடி பெரிது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனையாகும் புதிய வண்டிகள் ‘பாரத் ஸ்டேஜ் 6’ என்னும் அளவுக்கு உட்பட்டவை. இவ்வகை டீசல் லாரிகளில் பெரும்பாலானவற்றில் யூரியாக் கரைசல் ஊற்றும் தனித் தொட்டி உண்டு. புகைக்குழாயில் தெளிக்கப்படும் அக்கரைசல், நைட்ரஜன் ஆக்ஸைடு என்னும் நச்சுவாயுவைத் தீங்கற்ற நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். கரைசல் தீர்ந்தால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி அதன் வேகத்தை அடக்கும். ஆனால் கரைசலுக்குக் காசு வேண்டும். அந்தக் காசை மிச்சம் பிடிக்க நினைப்பவன், கரைசல் ஒழுங்காகச் செல்வதாகக் கணினிக்குப் பொய் சொல்லும் சிறு பெட்டியொன்றை வயரில் கோத்துவிட்டால் போதும். ஐரோப்பிய நாடுகளில் இந்தத் தந்திரம் கையுங்களவுமாகப் பிடிபட்டிருக்கிறது. நம் நாட்டிலோ, சாலையோரப் பரிசோதனை நிலையங்கள் டீசல் வண்டியில் அளப்பது புகையின் கருமையை மாத்திரமே. நைட்ரஜன் ஆக்ஸைடை அவை அளப்பதே இல்லை. பொய்ப் பெட்டி பூட்டிய லாரியும் புகைச் சான்றிதழ் பெற்றுக் கம்பீரமாக வெளியே வரலாம். இதைப் பரிசோதனை என்று எப்படிச் சொல்வது?

சிறியவர்கள் மாத்திரம் இவ்வழியில் சென்றார்களென்று நினைக்க வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, 2005 முதல் 2013 வரையில் செய்த டவேரா வண்டிகளில் சுமார் 1,14,000-ஐத் திரும்ப அழைக்க நேரிட்டது. புகைப் பரிசோதனையில் அதன் சிப்பந்திகளே விதிமீறிய சங்கதி 2013-ல் வெளிவந்தது. வோக்ஸ்வாகன் கம்பெனி பரிசோதனையை ஏமாற்றும் உபாயத்தை எஞ்சினுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தது 2015-ல் அமெரிக்காவில் அம்பலமாயிற்று. இங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் அதற்கு 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; இரண்டு மாதங்களில் சுப்ரீம் கோர்ட்டு கட்டாய நடவடிக்கையை நிறுத்திவைத்தது. குற்றமுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தைச் சர்க்கார் சட்டத்தில் எழுதிக்கொண்டதே 2019-ல்தான்.

சட்டத்தின் தண்டனை யார் தலையில் விழுகிறதென்று பார்ப்போம். 190-ஆவது பிரிவின்படி, மாசு விதியை மீறும் வண்டியை ஓட்டுபவனுக்கும், ஓட்டச் செய்பவனுக்கும் முதற் குற்றத்துக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அத்துடன் மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் பறிபோகும். லைசென்ஸ் போனால் டிரைவர் வீட்டில் அடுப்பு எரியாது. வண்டி ஓட்டியே அறியாத முதலாளிக்கு அதனால் என்ன நஷ்டம்? அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கும் உடையவனுக்கு 182-ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆனால் பெட்டியைப் பூட்டிக் கொடுத்த பட்டறைக்காரனையும், விற்ற வியாபாரியையும் அப்பிரிவு பெயர் சொல்லித் தொடவில்லை. வண்டியைத் தடுத்து நிறுத்திவைக்கும் 207-ஆவது பிரிவோ லைசென்ஸ், பதிவு, பெர்மிட் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. புகையைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. சந்தேகப்பட்ட வண்டியைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். தேறாவிட்டால் ஏழு நாள் தவணை. ஏழு நாளில் ஒரு லாரி கல்கத்தா போய்த் திரும்பிவிடும்!

2017-ல் சுப்ரீம் கோர்ட்டு, புகைச் சான்றிதழ் இல்லாத வண்டிக்கு இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கலாகாதென்று கட்டளையிட்டது. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டிகள் பெருகி, விபத்தில் அடிபட்டவர்கள் நஷ்டஈடின்றித் தவிப்பார்களென்ற காரணத்தால் அந்த நிபந்தனை 2024 ஜூலையில் நீக்கப்பட்டது. அது நியாயமே. ஆயினும் இருந்த ஒரு கடிவாளமும் கழன்றது; பாரம் முழுவதும் சாலையில் நிற்கும் ஆய்வாளர்மேல் விழுந்திருக்கிறது.

இதற்கெல்லாம் டில்லியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமென்பதில்லை. காற்று மாசுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்கீழ், வாரியத்தைக் கலந்து, வண்டிகளைப் பதிவு செய்யும் அதிகாரிகளுக்கு மாநில சர்க்காரே கட்டளைகள் பிறப்பிக்கலாம்; அவர்கள் அவற்றுக்குக் கட்டுப்பட்டவர்கள். தகுதிச் சான்றுக்கு வரும் ஒவ்வொரு லாரியின் கணினியையும் கருவி கொண்டு வாசிக்க வேண்டும், கரைசல் தொட்டியையும் வயர்களையும் திறந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவிட என்ன தடை? மோட்டார் வாகனம் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் உள்ள விஷயம். பட்டறைக்காரனையும் வியாபாரியையும் குற்றவாளிகளாக்கவும், பொய்ப் பெட்டி கண்ட வண்டியைத் தடுத்து வைக்கவும் சட்டசபை திருத்தம் இயற்றி ஜனாதிபதியின் சம்மதத்தைக் கோரலாம்.

அதிகாரம் கூடினால் மாமூலும் கூடும் என்று லாரிக்காரர்கள் சொல்வதை நாம் அலட்சியம் செய்யவில்லை. கரைசலுக்கு ஒழுங்காகக் காசு செலவிடும் யோக்கியமான லாரிக்காரர், ஏமாற்றுபவனோடு வாடகையில் போட்டியிட முடியாமல் நொடிந்து போகிறார் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டத்தை நிறைவேற்ற வேண்டிய அதிகாரியே அதை மீறினால் இரட்டிப்புத் தண்டனை என்று 210-பி பிரிவு கூறுகிறது. அது ஏட்டில் உறங்கலாகாது. எளாவூர் எல்லையில் கருவி காட்டிய அளவை அச்சிட்டு டிரைவர் கையில் கொடுக்கட்டும். அபராத ரசீதும் அதனுடன் இருக்கட்டும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர்த் தொகுதிகளின் பிரதிநிதிகள், போக்குவரத்துத் துறையின் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது, இதுவரை எத்தனை லாரிகளின் கரைசல் தொட்டி சோதிக்கப்பட்டதென்று மந்திரியைக் கேட்டுப் பதில் பெற வேண்டும்.