கர்த்தர் மன்னித்தாராம்! சகோதரன் மன்னித்தானா?

கிறிஸ்தவ நண்பர்களிடம் ஜாதியைப் பற்றிப் பேச்செடுத்தால் வழக்கமாக ஒரு சமாதானம் சொல்லுகின்றார்கள். "எங்கள் வேதத்தில் ஜாதி இல்லை. நடப்பில் இருப்பது எங்கள் பலவீனம். மனிதன் தவறக்கூடியவன், ஆனாலும் கர்த்தரை நம்பினால் அவர் கைவிடமாட்டார்" என்கின்றார்கள். கேட்பதற்கு வெகு அடக்கமான பேச்சாகத்தான் இருக்கின்றது. ஆனால் இந்த நம்பிக்கையால் யாருக்கு என்ன லாபம் என்று கணக்குப் பார்க்க வேண்டாமா? கொடுமை செய்தவனுக்கு மனச்சாந்தி கிடைக்கின்றது. கொடுமைக்கு ஆளானவனுக்கு என்ன கிடைக்கின்றது? பழைய இடமும் பழைய இழிவுந்தானே!

திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் ஒரு கத்தோலிக்கக் கோவில் கட்டினார்கள். பீடம் ஒன்று, ஆனால் ஜனங்கள் இருக்கும் கூடம் இரண்டு. பிள்ளைமாரும் முதலிமாரும் ஒரு கூடத்தில். நாடார்கள் மற்றொரு கூடத்தில். இரு திறத்தாரும் பூசையைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது! கிறிஸ்துவுக்குள் யூதன் என்றும் கிரேக்கன் என்றும், அடிமை என்றும் சுயாதீனன் என்றும் பேதமில்லை என்பது பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் கருத்து. அந்த நிருபத்தை வேதமென்று ஒப்புக்கொண்டவர்களே பேதத்தைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டிவைத்தார்கள். இது பலவீனமா? பலவீனத்தால் கால் இடறலாம். கொத்தனை வைத்துக் கட்டிடமா எழுப்ப முடியும்?

1910-ல் அக்கோவிலின் குருவானவர் அந்தத் தடுப்பை எடுத்துவிட்டார். அவரை நாம் மனதாரப் பாராட்டுகின்றோம். "பார்த்தீர்களா, விசுவாசம் சுவரை இடித்தது" என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால், சுவர் திரும்ப வேண்டுமென்று சென்னை ஹைகோர்ட் வரை வழக்காடித் தோற்றவர்கள் விசுவாசம் இல்லாதவர்களா? அவர்களும் அதே கர்த்தரை நம்பினவர்கள்தான். இடித்தவருக்கும் அதே நம்பிக்கை, கட்டச் சொன்னவர்களுக்கும் அதே நம்பிக்கை என்றால், நம்பிக்கையை வைத்து மனிதனின் யோக்கியதையை எப்படி அளப்பது? செய்கையை வைத்துத்தானே அளக்க முடியும்!

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய வியாதியும் அல்ல. உலகமெங்கும் பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' என்னும் பாட்டை இயற்றிய இங்கிலாந்து தேசத்து ஜான் நியூட்டன், 1748-ல் கடற்புயலில் சிக்கியபோது கடவுளிடம் திரும்பினவர். திரும்பின பிறகு செய்ததென்ன? அடிமைகளை ஏற்றும் கப்பலுக்குத் தலைவரானார்! 1754-ல் அத்தொழிலை அவர் விட்டதும் பக்தியினால் அல்ல, தேக அசௌக்கியத்தால். அத்தொழிலைக் கண்டித்து அவர் புத்தகம் எழுதியது 1788-ல். அத்தனை வருஷமும் கடவுளின் கிருபையை அவர் நம்பித்தான் இருந்தார். ஆனால் கப்பலின் அடித்தட்டில் விலங்கோடு கிடந்தவனை மன்னிப்புக் கேட்டவர் யார்?

நிற்க, பழைய கதை என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-ல் வெளியிட்ட கொள்கைப் பத்திரத்தில், சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டிருக்கின்றது. அவ்வளவு தூரம் ஒப்புக்கொண்டது நேர்மைதான். ஆனால் ஒப்புக்கொண்டதனாலேயே கடன் அடைந்துவிடுமா?

தோழர்களே! கடன் வாங்கினது ஒருவனிடம். தள்ளுபடி எழுதித் தருவது இன்னொருவர். இந்த வியாபாரம் எந்தக் கடைத்தெருவில் செல்லும்? காணிக்கை கொண்டுவந்தவன்மேல் அவனுடைய சகோதரனுக்குக் குறை இருந்தால், காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் அவனிடம் போய்ச் சமாதானமாகவேண்டும் என்று இயேசுவே சொன்னதாக மத்தேயுவின் சுவிசேஷத்தில் இருக்கின்றது. நாம் கேட்பதும் அவ்வளவுதான். சகோதரனோடு ஒரே பந்தியில் உட்காருங்கள். அவன் வீட்டில் பெண் கொடுங்கள், பெண் எடுங்கள். ஒரே கல்லறைத் தோட்டத்தில் அவன் பக்கத்தில் படுக்கச் சம்மதியுங்கள். கர்த்தரை நம்புவதா வேண்டாமா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் உங்களைச் சகோதரன் நம்பும்படி நடந்துகொள்ளுங்கள்.