குப்பையிற் கிடக்கும் பொன்

பொற்கொல்லர் வாழுந் தெருக்களில் வைகறைப் பொழுதில் ஒரு காட்சியைக் காணலாம். பட்டறைகளின் முன்னுள்ள சாக்கடை மண்ணைச் சிலர் வாரிக் கூடையிற் சேர்ப்பர். பின்னர் அதனைத் தட்டிலிட்டு, நீர் வார்த்து, அசைத்தசைத்து அலசுவர். இலேசான மண் நீரோடு போய்விட, கனத்த துகள் அடியிலே தங்கும். அத்துகளிற் பொன்னும் உண்டு. அரிப்புக்காரர் என்னும் இவ்வேழை மக்களைக் கண்டு முகஞ் சுளித்து அப்பாற் செல்வோர் பலர். ஆயினும், பெரும்பொருள் செலவிட்டு நடத்தப்பெறும் உலோகச் சாலைகளின் முதற்பாடமும் இவர்தம் கைத்தொழிலும் ஒன்றே என்பதை இரசாயனம் பயிலும் மாணாக்கர் அறிவர். ஒருவர் கழித்ததை மற்றொருவர் செல்வமாக்கும் இவ்வித்தை ஏழையின் பிழைப்பாக மட்டும் நின்றுவிடலாகாது. கற்றோரின் ஆராய்ச்சியாகவும் அரசினரின் கடமையாகவும் ஆதல் வேண்டும். இதுவே ஈண்டு யான் வற்புறுத்த விரும்புவது.

கழிவு என்பது யாது? ஒரு பொருள் இயல்பிலேயே கழிவாவதில்லை. அதனைப் பயன்படுத்தும் அறிவு நம்மிடம் இல்லாதபோதே அது கழிவெனப் பெயர் பெறுகின்றது. இதற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள புரோக்கன் ஹில் என்னும் சுரங்க நகரமே தக்க சான்று. 1883-ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்ட அவ்விடத்தில் ஈயத்தையும் வெள்ளியையும் எடுத்துக்கொண்டு, எஞ்சியதை மலைமலையாகக் குவித்தனர். அக்குவியலில் துத்தநாகம் நிறைந்திருந்தது. ஆயினும் அதன் தாதுவும் அதனோடு கலந்த வெறுங்கல்லும் ஏறக்குறைய ஒரே கனமுடையனவாதலால், நீரில் அலசிப் பிரிக்கும் பழைய முறை அங்கே பலிக்கவில்லை. 1902-ஆம் ஆண்டையடுத்து, பாட்டர் என்னும் மதுபானம் வடிக்குந் தொழிலாளர் ஒருவரும், டெல்பிராட் என்னும் சுரங்க நிர்வாகியும் புதுவழி கண்டனர். நுண்பொடியாக்கிய கழிவை அமிலக் கரைசலிலிட்டுக் குமிழிகளை எழுப்பினால், துத்தநாகத் தாது குமிழியைப் பற்றிக்கொண்டு மேலே மிதக்கின்றது. கல் அடியில் தங்கிவிடுகின்றது. கனமான பொருள் மிதக்க, இலேசானது அமிழ்கின்ற விந்தை இது! நேற்றுவரை குப்பையாயிருந்த பல இலட்சம் டன் மணல் அன்றே தாதுவாயிற்று. நுரைமிதப்பு முறை எனப்படும் இதுவே இன்று செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகியவற்றின் தாதுக்களைப் பிரிக்க உலகெங்கும் கையாளப்படுகின்றது. கழிவைப்பற்றிய ஆராய்ச்சி அந்தக் குவியலோடு நின்றுவிடவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும்.

இனி, நம்மவர் வாழ்வோடு பிணைந்ததோர் இடத்தை நோக்குவோம். கர்நாடகத்திலுள்ள கோலார் தங்கவயலில் 1880-ஆம் ஆண்டு முதல் ஆங்கிலக் கம்பெனியார் பெருமுறையிற் சுரங்கத் தொழில் தொடங்கினர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர், தலைமுறை தலைமுறையாக, மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கி, அனலிலும் இருளிலும் உழைத்து, ஏறத்தாழ 800 டன் பொன்னை வெளிக்கொணர்ந்தனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 28-ஆம் நாள் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் சென்றுவிட்டது, புழுதி மட்டும் அங்கேயே தங்கிற்று. அரைத்துப் பொன்னெடுத்தபின் கொட்டிய மணல், பத்துக்கு மேற்பட்ட மேடுகளாக, மூன்று கோடி டன்னுக்கு மேல் அவ்வூரைச் சூழ்ந்து நிற்கின்றது. அதனை ஊரார் ஸயனைட் மேடு என்பர். கோடையிற் காற்றெழுந்தால் அந்நுண்மணல் வீடுகளிலும் கிணறுகளிலும் குழந்தைகள் உண்ணுங் கலத்திலும் படிகின்றது. அம்மேடுகளை எழுப்பினோரின் பெயரரோ, கூலிவேலை நாடி விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் செல்கின்றனர்.

அம்மணலில் பொன் இன்னும் உளதோ எனின், உண்டு. டன் ஒன்றுக்கு ஒரு கிராமுக்குங் குறைவே. ஆயினும் கணக்கிட்டுப் பார்மின்: டன்னுக்கு அரைக் கிராம் மீட்கக்கூடுமெனக் கொள்ளினும், மூன்று கோடி டன்னில் 15,000 கிலோகிராம் பொன் கிடைக்கும். மேலும், சுரங்கத் தொழிலில் மிகுந்த செலவை உண்பவை பாறையை உடைத்தலும், மேலே ஏற்றுதலும், பொடியாக்குதலுமே. இவற்றிற் பெரும்பகுதியை நம் முன்னோர் முன்னரே செய்து முடித்துவிட்டனர். தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க் நகரின் கிழக்கே இத்தகைய பழைய மேடுகளைக் கரைத்துப் பொன்னெடுக்கும் தொழில் 1977-ஆம் ஆண்டிலேயே பெருமுறையில் தொடங்கிற்று.

எடுக்கும் முறையையும் சிறிது கூறுவேன். 1887-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து இரசாயனியாகிய மக்ஆர்தரும், பாரஸ்ட் சகோதரர் என்னும் மருத்துவர் இருவரும், நீர்த்த ஸயனைட் கரைசல் காற்றின் பிராணவாயுவோடு கூடிப் பொன்னைக் கரைக்கும் இயல்பைத் தொழிலுக்குப் பயன்படுத்த உரிமை பெற்றனர். முற்காலத்தில் அக்கரைசலிலிருந்து பொன்னைப் படியவைக்கத் துத்தநாகத்தை இட்டனர். பிற்காலத்தில் அவ்விடத்தைக் கரி பெற்றது. அது யாது கரி? தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, நீராவியாற் பதப்படுத்திய கரியே அதற்கு மிகச் சிறந்ததெனக் கண்டனர். அது நம் தென்னாட்டிலும் ஈழத்திலுமிருந்து பிற நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றது. நாம் அடுப்பெரிக்கும் சிரட்டை, பிறர் பொன்னைப் பற்றும் கையாகின்றது! கழிவைக்கொண்டே கழிவிலிருந்து செல்வம் எடுக்கும் வித்தைக்கு இதனினுஞ் சிறந்த உதாரணம் வேண்டுமோ?

இங்ஙனம் கூறுவதற்கு ஒரு தடை எழும். கழிவு கிளறப்படின் நஞ்சும் கிளம்பாதோ என்று கேட்போர் உளர். இது எள்ளற்குரிய வினாவன்று. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் ருமேனியாவில், பாயா மாரே நகரருகே, பழைய சுரங்கக் கழிவிலிருந்து பொன்னெடுத்த ஆலையொன்றின் தேக்கணை உடைந்தது. ஏறத்தாழ ஒரு இலட்சம் கன மீட்டர் ஸயனைட் கலந்த நீர் பாய்ந்து, ஹங்கேரி நாட்டு திஸா ஆற்றையும் அடைந்து, மீன்களைத் திரள் திரளாகக் கொன்றது. இலாபம் ஒரு கூட்டத்தாருக்கு. கேடு ஆற்றங்கரை மக்களனைவர்க்கும். தங்கவயல் மக்கள் இந்நிகழ்ச்சியைக் கேட்டு அஞ்சுவாராயின், அவ்வச்சம் நியாயமானதே.

ஆயினும், அஞ்சி வாளாவிருத்தல் பரிகாரமாகாது. மேட்டை அப்படியே விடுவதும் ஒரு செயலே. அதன் பயனைத் தூசியாக அம்மக்கள் நாள்தோறும் சுவாசிக்கின்றனர். ஆதலின் அம்மணலினின்று பொன்னை மீட்டே தீரவேண்டும் என்பது என் துணிபு. ஆனால் மூன்று நிபந்தனைகள் உள. முதலாவது, ஸயனைட்டை இரசாயன முறையால் அழித்த பின்னரே நீரை வெளிவிடுதல் வேண்டும். தேக்கணையைச் சோதிப்போர் ஆலைக்காரரிடம் ஊதியம் பெறாதவராயிருத்தல் வேண்டும். இரண்டாவது, பொன் எடுத்தபின் எஞ்சும் மணலை மற்றோர் இடத்தில் மேடாக்கி விட்டுவிடலாகாது. சோதித்துத் தக்கதாயின் செங்கல்லாகவும், அன்றேல் பழைய சுரங்கக் குழிகளை நிரப்பவும் பயன்படுத்தல் வேண்டும். அதுவும் இயலாதவிடத்து மண் மூடிச் செடி வளர்த்துப் புழுதியை அடக்கல் வேண்டும். மூன்றாவது, அத்தொழிலில் முதலுரிமை அவ்வூராருக்கே உரியது. பாட்டன் பொடியாக்கிய கல்லிலிருந்து வரும் பொன்னில் பெயரனுக்குப் பங்கில்லையெனின், அது விஞ்ஞானத்தின் வெற்றியாகாது. பழைய அநீதியின் மறுபதிப்பேயாகும். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் மேட்டைத் தொடாதிருப்பதே நன்று.

ஊருக்கு உபதேசம் செய்யுமுன் நம் வீட்டைப் பார்த்துக்கொள்ளல் முறை. நம் இரசாயனசாலையில் வெள்ளி நைட்ரேட்டைக்கொண்டு உப்பை அளவிடும் பரீக்ஷையை ஆண்டுதோறும் செய்கின்றோம். முடிந்ததும் குடுவையின் அடியிற் படிந்த வெண்பொருளை யாது செய்கின்றோம்? தொட்டியிற் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டு, மணியடித்தவுடன் வெளியேறுகின்றோம். யானும் என் மாணாக்கப் பருவத்தில் அவ்வாறே செய்தேன் என்பதை மறைக்கவில்லை. அவ்வெண்பொருள் வெள்ளியின் குளோரைடே. அதனைத் துத்தநாகத்தோடும் நீர்த்த அமிலத்தோடும் சேர்த்தால் வெள்ளி மீளும். அவ்வெள்ளியை நன்கு கழுவி நைட்ரிக் அமிலத்திற் கரைத்தால் மறுபடியும் வெள்ளி நைட்ரேட் ஆகும். சென்ற ஆண்டின் கழிவு வரும் ஆண்டின் மருந்தாகலாம்.

ஆதலின், பெரிய ஆராய்ச்சிக் கழகங்கள் தோன்றும்வரை நாம் காத்திருத்தல் வேண்டா. ஒவ்வொரு தொட்டியின் அருகிலும் ஒரு குப்பியை வைத்து, அதன்மேல் 'வெள்ளி' என்று எழுதி ஒட்டுவோமாக. அதில் ஊற்றும் பழக்கம் கைவந்த மாணாக்கன் நாளை எவ்வாலையில் அமர்ந்தாலும், அதன் பின்வாயிலையும் சென்று பார்ப்பான். அங்கே குவிந்துள்ளது யாது, அதன் அருகில் வாழ்வோர் யாவர் என்று கேட்பான். அவ்விரு வினாக்களையும் ஒருங்கே கேட்கக் கற்றவனே உண்மையில் இரசாயனம் கற்றவன்.