ஏட்டுக்குமா கதவடைப்பு?

அநீதி இழைக்கும் அரசு ஒன்று உண்டு. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களையும் பேராசிரியர்களையும் மாணவர்களையும் ஒருங்கே புறக்கணிப்பது அறமாகுமா? மேலை நாடுகளின் கல்வி அரங்குகளில் இக்கேள்வி இஸ்ரேலை முன்னிட்டு எழுப்பப்படுகின்றது. தமிழராகிய நமக்கோ இது இலங்கையை முன்னிட்டு எழுந்த கேள்வி; 2009ஆம் ஆண்டின் முள்ளிவாய்க்கால் துயரத்திற்குப் பின் நம் மனச்சான்றை விட்டு நீங்காத கேள்வி.

நம் சினத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. மன்னார் மறைமாவட்ட ஆயர் இராயப்பு யோசேப்பு அவர்கள், 2011 சனவரியில் இலங்கை அரசின் ஆணைக்குழு முன் சாட்சியம் அளித்தார். வன்னியில் வாழ்ந்தோர் தொகையையும், அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் தொகையையும் அரசுக் கணக்குகளைக் கொண்டே ஒப்பிட்டு, 1,46,679 பேர் என்னவாயினர் என்று வினவினார். அவ்வாண்டு சூன் 8இல் தமிழகச் சட்டமன்றம் இலங்கை மீது பொருளாதாரத் தடை வேண்டித் தீர்மானம் இயற்றியது. 2013 மார்ச்சில் சென்னை இலயோலாக் கல்லூரி மாணவர் எண்மர் உண்ணாநோன்பு தொடங்க, தமிழகமெங்கும் மாணவர் எழுச்சி பரவியது. நீதி கேட்ட அந்தக் குரல்களை எவர் குறை கூற இயலும்?

ஆயினும் நீதி கேட்கும் கை எதைத் தடுக்க வேண்டும், எதைத் தடுக்கலாகாது என்பதைப் பகுத்தறிய வேண்டாமா? இதற்கான பாடம் நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. திருநீர்மலையிலும் பல்லாவரத்திலும் வாழும் நமக்குத் தாம்பரம் அடுத்த ஊர். அங்கே விமானப்படைத்தளமும் உண்டு. 1937 முதல் கிறிஸ்தவக் கல்லூரியும் உண்டு. 2012 சூலையில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேர் அத்தளத்தில் பயிற்சி பெறுவது தெரியவந்தபோது தமிழகம் கொதித்தெழுந்தது. அவர்கள் கருநாடகத்தின் எலகங்காவிற்கு மாற்றப்பட்டனர். அவ்வெதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. குடிமக்கள் மீது குண்டு பொழிந்த ஒரு படைக்கு நாமே பயிற்சியளிப்பது அக்கொடுமையில் பங்கு கொள்வதாகும். ஆனால், படைத்தளத்தின் வாயிலை அடைக்கச் சொன்ன அதே நியாயம் கல்லூரியின் வாயிலையும் அடைக்கச் சொல்லுமா? சொல்லாது என்பதே என் உறுதியான கருத்து.

இந்த வேறுபாட்டை நாம் காத்தோமா? இல்லை. அதே 2012 செப்டம்பரில், பந்தாட வந்த இலங்கைப் பள்ளிச் சிறுவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே வாரத்தில் பூண்டி மாதா திருத்தலத்திற்கு வந்த இலங்கைத் திருப்பயணிகள் முற்றுகையிடப்பட்டனர். திருச்சி விமான நிலையம் செல்லும் வழியில் அவர்களுடைய பேருந்துகள் தாக்கப்பட்டன. 2013 மார்ச்சில், தொல்லியல் மாணவராகத் தஞ்சைப் பெரிய கோயிலைக் காண வந்த புத்த துறவி ஒருவர் அங்கேயே தாக்கப்பட்டார். செபமாலையோடு வந்தவரும் சோழர் கலையைக் கற்க வந்தவரும் எந்தப் படைக்கு ஆயுதம் சுமந்தனர்?

கடவுச்சீட்டை மட்டும் பார்த்து அடைக்கப்படும் கதவு, உள்ளே வருபவர் யாரென்று பார்ப்பதில்லை. 1995இல் தஞ்சையில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றபோது நிகழ்ந்தது என்ன? பேராசிரியர் கா. சிவத்தம்பி உள்ளிட்ட ஈழத்துத் தமிழறிஞர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். தமிழாய்வு மாநாட்டிலிருந்து தமிழறிஞரையே வெளியேற்றினோம்! இலங்கைப் பல்கலைக்கழகங்களைப் புறக்கணிப்போம் என்பவர்கள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மட்டக்களப்பின் கிழக்குப் பல்கலைக்கழகமும் இலங்கையில்தான் உள்ளன என்பதை நினைத்துப் பார்த்ததுண்டா? யாழ்ப்பாணத்தின் உடற்கூற்றியல் பேராசிரியை ரஜனி திராணகம தம் தோழர்களோடு இணைந்து எழுதிய ‘முறிந்த பனை’, இலங்கைப் படை, இந்தியப் படை, போராளிகள் என எத்தரப்பின் கொடுமையையும் மறைக்கவில்லை. அவர் 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். உண்மைக்கு அத்தகைய சாட்சிகளை ஈன்ற பல்கலைக்கழகத்தைத் தனிமைப்படுத்துவதால் மகிழ்பவர் யார்? கொடுமை செய்தவரே.

“தென்னாப்பிரிக்காவைப் புறக்கணிக்கவில்லையா?” என்று கேட்பர். வலிமையான கேள்விதான். 1946இலேயே அந்நாட்டோடு வாணிகத்தை முறித்தது இந்தியா. 1980இல் ஐ.நா. பொதுச்சபை கல்விப் புறக்கணிப்புக்கும் அழைப்பு விடுத்தது. ஆனால் அங்கே ஒடுக்கப்பட்ட மக்களின் இயக்கமே அப்புறக்கணிப்பை வேண்டியது. தன் மக்களுக்கு நேரும் இழப்பையும் அறிந்தே வேண்டியது. அந்த இயக்கமும் 1980களின் இறுதியில், நிறவெறியை எதிர்த்து நின்ற கல்வியாளர்களுக்குக் கதவைத் திறந்துவிடும் நிலைப்பாட்டிற்கு வந்தது. இழப்பை ஏற்கப் போகிறவர் கேட்பது வேறு. கடலுக்கு இப்பால் பாதுகாப்பாக அமர்ந்து அவர் பெயரால் நாம் ஆணையிடுவது வேறு.

“தரப்படுத்தலால் தமிழ் இளைஞரை வஞ்சித்தவை அப்பல்கலைக்கழகங்கள் அல்லவா?” என்றும் கேட்பர். ஆம், 1970களில் தமிழ் மாணவர் கூடுதல் மதிப்பெண் பெற்றால்தான் இடம் என்றாயிற்று. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஆனால் அக்கொடுமைகளின் சாரம் என்ன? பிறப்பைக் காட்டி ஓர் இனத்தாரைக் கல்வியிலிருந்து விலக்கியதே. அதே தண்டனையைத் திருப்பி வழங்கினால், அன்று நமக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று எந்த வாயால் சொல்வோம்?

தனிநாயகம் அடிகளை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த அக்கத்தோலிக்கக் குரு 1964இல் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவியபோது, உடன் நின்றோருள் ஒருவர் பிராகு நகரத்துக் கமில் சுவெலபில். அன்று செக்கோஸ்லோவாக்கியாவில் நடந்தது திருச்சபையை நசுக்கிய ஆட்சி. பிராகு பேராயர் பெரானை 1949 முதல் 1963 வரை காவலில் வைத்திருந்த ஆட்சி. அந்நாட்டு அறிஞரோடு தமக்கு உறவில்லை என்று அடிகள் கூறியிருந்தால் யாரும் அவரைப் பழித்திருக்க மாட்டார்கள். ஆனால் ஆட்சியின் பாவத்தை அவர் அறிஞரின் தலையில் சுமத்தவில்லை. அதனால் தமிழ் வளர்ந்தது.

எனவே நம் நிலை தெளிவாக இருக்கட்டும். படைக்குப் பயிற்சியா? மறுப்போம். ஆயுத ஆய்வில் கூட்டா? எதிர்ப்போம். கொடுமைக்குத் துணைபோன அதிகாரிக்கு நம் கல்லூரி மேடையில் மாலையா? கூடாது. ஆனால் படிக்க வரும் மாணவனையும் ஆய வரும் அறிஞனையும் வரவேற்போம். காணாமற்போன 1,46,679 பேரைப் பற்றிய ஆயரின் கேள்வியை அவர்கள் முன்னும் வைப்போம். கொழும்பு மாணவன் ஒருவன் அக்கேள்வியைச் சுமந்து ஊர் திரும்ப வேண்டுமாயின், அவன் முதலில் இங்கு வந்தாக வேண்டும்.