போத்தல் பசளையும் பீப்பாய்ப் பசளையும்

"எந்தப் போத்தல் நல்லதுங்க, சாமி?" அப்புத்தளை, கொஸ்லந்தை, அல்துமுல்லைப் பகுதிகளில் மண்சரிவு அபாயத்தினால் லயத்தை விட்டு எழுப்பப்பட்டு, ஏழு பேர்ச் காணியில் புது வீடு பெற்ற குடும்பங்களிடமிருந்து எமக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. வீட்டைச் சுற்றி நாலு பாத்தி போஞ்சியும் கோவாவும் வைத்ததுமே திரவப் பசளை விற்பவர் படலையண்டை வந்து நிற்கிறார். பச்சைப் போத்தல், மஞ்சள் போத்தல், கடற்பாசிச் சாறு, மீன் சாறு, நனோ, அமினோ என்று பெயர்களுக்குக் குறைவில்லை. கையில் இருக்கும் சில நூறு ரூபாவை எதில் போடுவது என்பது சின்னக் கேள்வியல்ல. அது அந்த வாரத்துப் பால்மாவுக்கான காசாகவும் இருக்கலாம்.

நாம் சொல்லும் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எந்தப் போத்தலையும் வாங்குவதற்கு முன் அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம் ஆகியவற்றின் வீதம் மூன்று எண்களாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். எண்கள் இல்லாத போத்தலை வந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எண்கள் இருந்தால் பிள்ளையைக் கூப்பிட்டுக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும்.

இந்தக் கணக்கை ஒரு நாடே பார்க்கத் தவறிய கதையை நாம் கண்ணால் கண்டோம். 2021 மே மாதம் ஒரே வர்த்தமானி அறிவித்தலால் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில், பெரும்போகம் தொடங்கும் வேளையில், இந்தியாவின் இஃப்கோ கூட்டுறவு நிறுவனத்தின் நனோ நைதரசன் திரவப் பசளை விமானத்தில் கொழும்புக்கு வந்திறங்கியது. அந்த 500 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு ஈடாகும் என்று அதனைச் செய்தவர்கள் கூறினார்கள். அன்று வந்த போத்தலில் நைதரசன் 4 வீதம். அதாவது போத்தல் முழுவதிலும் 20 கிராம். யூரியாவில் நைதரசன் 46 வீதம். 45 கிலோ மூட்டையில் 20 கிலோவுக்கு மேல். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஆயிரம் மடங்கு. துணிக்கைகள் மிகச் சிறியவை, இலையின் வழியே முழுவதும் உள்ளே போய்விடும் என்று விளக்கம் சொன்னார்கள். முழுவதும் உள்ளே போனாலும் 20 கிராம் 20 கிராம்தானே! கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் இரு ஆய்வாளர்கள் 2023இல் இதே ஐயத்தை விரிவாக எழுதினர். பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகத்தின் வயற் சோதனைகளில், யூரியாவைக் குறைத்து இந்தப் போத்தலை நம்பிய இடத்தில் நெல்லும் கோதுமையும் விளைச்சலில் கணிசமாகக் குறைந்தன. தயாரித்தவர்கள் இவற்றை ஏற்கவில்லை. ஆனால் அந்த 20 கிராமைப் பெற நான்கு மேசைக்கரண்டி யூரியா போதும் என்பதை யாரும் மறுக்க முடியாது.

2021 நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் பட்ட அடி பட்டதுதான். அந்த ஆண்டு ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. கொழுந்து குறைந்த மலையில் கிலோக் கணக்கு நிரம்பாமல் அரைப்பேர் போடப்பட்ட பெண்களுக்கு இந்தப் புள்ளிவிபரம் புதிதல்ல. இதிலுள்ள இன்னொரு கேட்டையும் சொல்லியாக வேண்டும். ஒரே இரவில் திணித்ததால் 'சேதனப் பசளை' என்ற சொல்லே எம்மவர் மத்தியில் கேலிச் சொல்லாகிவிட்டது. பல வருடங்களாகப் பொறுமையாகக் கூட்டெரு செய்துவந்த குடும்பங்களும் அந்தக் கேலியைச் சுமக்க நேர்ந்தது.

கடைப் போத்தல்களில் ஒரு பகுதி எமது பாத்திகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றின் படத்தையே பாருங்கள்: பச்சைப் புற்றரை, பூச்சாடி, வெள்ளை வேலி. பங்களாவின் புற்றரைக்கு நைதரசன் கலந்த நீரைத் தெளித்தால் சில நாட்களில் பளிச்சென்று பச்சை பிடிக்கும். புல்லில் துரைக்கு வேண்டியது இலை மாத்திரமே. வெட்ட வெட்ட இலை வந்தால் போதும். போஞ்சியில் எமக்கு வேண்டியது காய். உருளைக்கிழங்கில் வேண்டியது மண்ணுக்குள் இருப்பது. இலை கறுத்துச் செழித்துக் காய் பிடிக்காத போஞ்சிக் கொடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் எம் வாசகர்களில் பலர் இருப்பார்கள். இலையின் பச்சையை விளைச்சலின் அளவுகோலாகக் கொள்ளும் பழக்கம் போத்தல் விற்பவருக்கே உதவுகின்றது.

ஆயினும் இலைக்குத் தெளிப்பதே வீண் என்று சொன்னால் அது பிழையாகும். தேயிலைக்குச் சிங்க் சல்பேட் அடிப்பதை நீங்கள் அறிவீர்கள்; எத்தனையோ பேர் அந்தத் தாங்கியை முதுகில் சுமந்தும் இருக்கிறீர்கள். சிங்க், போரன் போன்றவை பயிருக்கு மிகச் சிறிய அளவிலே தேவைப்படுவதால் அவற்றை இலை வழியாக ஊட்டலாம். நைதரசனும் பொட்டாசியமும் அப்படியல்ல. அவற்றைக் கிலோக் கணக்கில் கேட்கும் பயிர், பெரும்பாகத்தை வேரின் வழியாகத்தான் எடுக்கும். உங்கள் ஏழு பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடி. வீடும் பாதையும் மலசலகூடமும் போக ஏறத்தாழ 1,000 சதுர அடி பயிருக்கு மிஞ்சலாம். அதில் ஒரு போக மரக்கறிக்கு, ஹெக்டயருக்கு 100 கிலோ என்று வைத்தால், ஏறக்குறைய 900 கிராம் நைதரசன் வேண்டும். இருபது கிராம் போத்தலால் இதை நிரப்ப 45 போத்தல்!

அப்படியானால் எங்கே தொடங்குவது? மண்ணிலேதான். புதுக் குடியிருப்புகள் பெரும்பாலும் இயந்திரத்தால் மலையை வெட்டித் தட்டையாக்கிய இடங்கள். பல தலைமுறை இலை உதிர்ந்து கறுத்திருந்த மேல்மண் பள்ளத்தில் தள்ளப்பட்டு, அடியிலிருந்த சிவப்பு மண் மேலே வந்துள்ளது. அதில் கரிமச் சத்து இல்லை என்றே சொல்லலாம். திரவப் பசளையை ஊற்றினால் பிடித்து வைக்க அங்கே ஒன்றுமில்லை. அடுத்த மழையோடு கீழே உள்ள பீலிக்கும் ஓடைக்கும் போய்விடும். அத்துடன் இது பழைய தேயிலை நிலம், புளித்த மண். தேயிலைக்கு அந்தப் புளிப்பு வேண்டும். கோவாவும் போஞ்சியும் அதில் ஏங்கிப்போகும். நீங்கள் இடும் பொசுபரசையும் அந்த மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பிடித்துக் கட்டி வைத்துவிடும். ஆகையால் போத்தலுக்கு ஒதுக்கிய காசில் முதலில் டொலமைட் வாங்குங்கள். கவ்வாத்து வெட்டிய மலைக்குத் தோட்டத்தில் போடுகிறார்களே, அதே தூள்தான். 1,000 சதுர அடிக்கு 15 முதல் 20 கிலோ வரை தூவிக் கொத்திக் கலந்து, இரண்டு மூன்று வாரம் விட்டு நடுங்கள். மண்ணைப் பரிசோதிக்க வசதியிருந்தால் அளவை அதன்படி திருத்திக்கொள்ளலாம். உருளைக்கிழங்குப் பாத்திக்கு மட்டும் கையை அடக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் கிழங்கில் சொறி விழும்.

இனிப் பீப்பாய்க்கு வருவோம். அப்புத்தளையிலிருந்து பண்டாரவளை வரை வீதியோரமெங்கும் மஞ்சள் பூவோடு நிற்கும் காட்டுச் சூரியகாந்தியை ஆடு மாட்டுக்குக்கூட நாம் அதிகம் வெட்டுவதில்லை. அதன் இலையைக் காயவைத்து ஆராய்ந்தவர்கள் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு நைதரசனும் நான்கு பங்களவில் பொட்டாசியமும் இருக்கக் கண்டனர். கிளிசரிடியாவும் நல்லதுதான். ஆனால் கடல் மட்டத்துக்கு மேல் 1,400 மீற்றர் உயரத்தில், இந்தக் குளிரில், அது சோம்பேறித்தனமாகவே வளரும். எங்கள் மலைக்குச் சூரியகாந்தியே பொருத்தம். பூக்குமுன் இளந்தண்டும் இலையுமாக 25 கிலோ வெட்டி நறுக்கி, உரச்சாக்கில் போட்டு, கல் கட்டி, 200 லீற்றர் பீப்பாய்த் தண்ணீரில் அமிழ்த்துங்கள். இரண்டு நாளுக்கொரு முறை கலக்கிவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் இலை கரைந்துவிடும். நாற்றம் வரும், அயலவரிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது. கொசு முட்டையிடாதபடி வாயைத் துணியால் கட்ட வேண்டும். இந்த இலையில் ஏறத்தாழ 175 கிராம் நைதரசன் உண்டு. எல்லாமே தண்ணீருக்கு வராது, மிஞ்சிய சக்கையிலும் இருக்கும். அந்தச் சக்கையைக் கூட்டெருக் குவியலில் போடுங்கள். ஊறிய நீரைப் பிளேன்ரீ நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து, மண் ஈரமாக இருக்கும் மாலை வேளையில், வேரடியில் ஊற்றுங்கள். வாரத்துக்கொரு முறை, செடிக்கு ஒரு பால்மாத் தகரம் போதும்.

மாடு வைத்திருப்பவருக்கு இன்னும் இலகு. மாட்டு மூத்திரத்தில் ஒரு லீற்றருக்கு 5 முதல் 10 கிராம் வரை நைதரசன் உண்டு. பட்டியின் தரையைச் சற்றுச் சாய்வாக்கி ஒரு வாளி வைத்தால் தினமும் கிடைப்பதை வீணாக்காமல் பிடிக்கலாம். ஒன்றுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலக்க வேண்டும். கலக்காமல் ஊற்றினால் செடி கருகும். அடுப்புச் சாம்பலும் நல்ல பொட்டாசியம். ஆனால் சாம்பலை மூத்திரத்தோடு சேர்க்காதீர்கள், நைதரசன் காற்றோடு போய்விடும். சாணக் கரைசலைச் சலாது இலை, கரட் போன்று பச்சையாக உண்பவற்றின் மேல் தெளிக்கவே கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் கையேடுகளில் ஜீவாமிர்தம் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. 200 லீற்றர் தண்ணீருக்குப் பத்துக் கிலோ சாணத்தோடு இரண்டு கிலோ வெல்லமும் இரண்டு கிலோ பயற்று மாவும் கேட்கிறார்கள். அதன் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பிள்ளைக்குப் பருப்புக் கறி வைக்கக் கணக்குப் பார்க்கும் வீட்டில், பீப்பாய்க்குப் பயற்று மா போடச் சொல்ல எமக்கு வாய் வரவில்லை.

நாம் இரசாயனப் பசளைக்குப் பகைவரும் அல்லர். கூட்டெரு இன்னும் சேராத முதல் வருடத்தில், ஒரு போகத்துக்கு இரண்டு கிலோ யூரியாவை வாங்கி, பத்து லீற்றர் பூவாளிக்கு ஒரு மட்டக் கரண்டி வீதம் கரைத்துச் சிறுகச் சிறுக ஊற்றுவதில் எந்தப் பாவமும் இல்லை. அதுவும் திரவப் பசளையே. விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றை மாத்திரம் கண்டிப்பாகச் சொல்கிறோம். தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்த தாங்கியை இரவல் வாங்கி இதற்குப் பாவிக்க வேண்டாம். அடியில் தங்கியிருக்கும் சில துளி போதும், தக்காளியும் போஞ்சியும் சுருண்டுவிடும். பிறகு பசளையைத்தான் குற்றம் சொல்வீர்கள்.

இத்தனையும் சொன்ன பின்னும் பலர் போத்தலையே வாங்குவர் என்பது எமக்குத் தெரியும். அதற்கு அறியாமையைக் காரணமாகக் காட்டுவது அநியாயம். கூட்டெருவால் ஒரு வெட்டு மண்ணைத் தேற்ற மூன்று நான்கு வருடமாகும். மூன்று வருடம் கழித்து அதே இடத்தில் இருப்போம் என்று நம்புகிறவரே அந்த உழைப்பைக் கொட்டுவார். 1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டி நிலமாக்கி, போரில் அதையும் விட்டு ஓடியவர்களின் பிள்ளைகள் எம் மத்தியில் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைக் கண்டவர்களும் உண்டு. வீட்டின் சாவி கிடைத்தும் காணி உறுதி கைக்கு வராத குடும்பம் நீண்ட காலக் கணக்கைப் போடத் தயங்குவது இயல்பு. போத்தலின் பலன் பத்து நாளில் இலையில் தெரிகிறது. நாளை எழும்பச் சொன்னால் கையில் எடுத்துக்கொண்டும் போகலாம். நிவாரணப் பொதிக்குள்ளும் அதுவே இலகுவில் அடங்குகிறது. மேல்மண்ணையும் உறுதியையும் பொதியில் கட்டிக் கொடுக்க முடியாது.

எனவே எமது கோரிக்கையில் ஒரு பாதி விவசாயிகளை நோக்கியதல்ல. வீடு கட்டிக் கொடுப்பவர்கள், அரசாயினும் தொண்டு நிறுவனமாயினும், இயந்திரம் இறங்கும் முதல் நாளே மேல் ஓரடி மண்ணை வழித்து ஒரு பக்கம் குவித்து வைத்து, சுவர் எழும்பியதும் பாத்திக்கென்று விட்ட இடத்தில் திரும்பப் பரப்ப வேண்டும். அதே இயந்திரம், அதே சாரதி. சில மணி நேர வேலைதான் கூடும். சாவியோடு உறுதியும் வர வேண்டும். புதுக் குடியிருப்புக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கும் குடும்பங்கள், வீட்டின் படத்தைக் காட்டும் கூட்டத்திலேயே இந்த இரண்டையும் கேட்டு, கூட்ட அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். தற்காலிகக் கொட்டில்களில் இருப்பவர்கள் அதுவரை சூரியகாந்தி இலையும் சாணமும் மண்ணும் கலந்து பழைய உரச்சாக்குகளில் நிரப்பி, அதிலேயே போஞ்சியும் கீரையும் நடலாம். இடம் மாறும் நாளில் அந்தச் சாக்குகளையும் லொறியில் ஏற்றிக்கொள்ள முடியும்.