தண்ணீரைப் போல் ஒரு வெடி

வெடிமருந்தை வைத்துச் சினிமா எடுப்பவர்கள் தங்கள் படத்தை முதலில் சூலக்கரையில் போட்டுக் காட்ட வேண்டும். விருதுநகரை ஒட்டிய இந்த ஊர் தொடங்கி சாத்தூர், சிவகாசி வரை ஜனங்களுக்கு வெடி என்பது வேடிக்கையல்ல, சோறு. திரையில் பத்துக் கார்கள் எரிந்து பறந்தால் மற்ற ஊர்களில் விசில் பறக்கும். இங்கேயோ, "இத்தனூண்டு மருந்துக்கு அவ்வளவு நெருப்பா?" என்று கேட்க ஆள் இருக்கிறது!

அத்தகைய ரசிகர்களும் மெச்சும்படி கொரியாவில் ஒரு படம் வந்தது. 1999-ல் காங் ஜே கியூ இயக்கிய 'ஷிரி'. தென் கொரியா அதுவரை கண்டிராத பெருஞ்செலவு. பார்க்க வந்த கூட்டமோ, அந்நாட்டில் 'டைட்டானிக்' படத்துக்கு வந்த கூட்டத்தையே மிஞ்சியது. ஆனால் பணத்தைக் கொட்டுவது ஒரு சாமர்த்தியமா? கொட்டத் தெரிந்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஷிரியின் பெருமை வேறு.

வடகொரிய உளவாளிகள் அதில் திருடுவது ஒரு திரவம். நிறமில்லை, மணமில்லை, பார்த்தால் பச்சைத் தண்ணீர். வெளிச்சமும் சூடும் பட்டால் போதும், கட்டடம் தரைமட்டம். அதைத் தேடி அலையும் தென்கொரிய அதிகாரிக்கு நிச்சயமான பெண் அலங்கார மீன் கடை வைத்திருக்கிறாள். படத்தின் பெயரும் கொரிய ஓடைகளில் வாழும் ஒரு சின்ன மீனின் பெயர்தான். எது தண்ணீர், எது மருந்து? யார் அன்பு, யார் பகை? கேள்வி ஒன்றே.

நம்மவர்கள் முயலாமல் இல்லை. 1986-ல் சுஜாதாவின் கதையைக் கொண்டு கமல்ஹாசன் 'விக்ரம்' தயாரித்து நடித்தார். களவு போன ஏவுகணைக்கு 'அக்னிபுத்ரா' என்று பெயர். அசல் 'அக்னி' விண்ணில் பாய்ந்தது 1989-ல்தான். மூன்று வருஷம் முந்திக் கண்ட கனவு, சபாஷ்! ஆனால் கதை சலாமியா என்ற கற்பனை ராஜ்யத்துக்குள் நுழைந்ததும் ராஜாவின் கோலாகலத்தில் ஏவுகணை மறந்தே போகிறது. பயம் போய்ப் பொழுதுபோக்கு வந்துவிடுகிறது.

பயம் எங்கே இருக்கிறது என்பதைப் பட்டாசு வட்டாரம் அறியும். அது சத்தத்தில் இல்லை, சத்தத்துக்கு முந்திய அமைதியில் இருக்கிறது. மருந்து கலக்குமிடத்தில் இரும்புச் சாமான் ஆகாது. வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். தட்டில் இருப்பது சாது மாதிரி இருக்கும். ஓர் உராய்வு போதும். 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் மாண்டதை யார் மறப்பார்கள்?

ஷிரியின் கடைசிக் கட்டம் ஒரு கால்பந்தாட்ட அரங்கம். வடக்கு, தெற்கு இரு தலைவர்களும் ஒருங்கே அமர்ந்திருக்கிறார்கள். (நிஜத்தில் அவர்கள் சந்தித்தது மறு வருஷம், 2000 ஜூனில்!) ஆட்டம் நடக்கிறது. ஜனங்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். மேலே விளக்குகளின் சூடு ஏறுகிறது. அதன் கீழே அந்தத் தண்ணீர் சும்மா இருக்கிறது. முடிவை இங்கே சொல்வது நியாயமல்ல.