பளுவைச் சுமக்கும் பாறையில் நீரின் வழி

மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்திப் பார்த்து டிஜோன் நகரத்துப் பொறியாளர் ஹென்றி டார்சி 1856-ஆம் ஆண்டில் வெளியிட்ட கசிவு விதியே இன்றளவும் நமது சுரங்க நீரியல் தொழிலுக்கு மூலசூத்திரமாக விளங்குகிறது. ஆயினும் அந்த மணல் தன் சொந்தக் கனத்துக்கு மேல் பெரும் பளு எதையும் சுமந்திருக்கவில்லை. சுரங்கத்தை ஒட்டிய பாறையோ, மேலுள்ள பூமியின் கனம் முழுவதையும் தாங்கிக்கொண்டு, அருகே வெட்டு முன்னேறுந்தோறும் அந்தக் கனம் இடம்பெயர்வதையும் ஏற்றுக்கொண்டு நிற்பதாகலின், நீரைக் கசியவிடும் அதன் ஊடுருவுதிறன் ஒரே எண்ணாக நிலைத்திருப்பது அசாத்தியம்.

மென்பாறைகளில் இந்த மாறுதல் மிகத் தீவிரமானது. பளு ஏறத் தொடங்கியதும் துளைகள் நெருங்கிக் கசிவு குறைகிறது. பாறை தன் வலிமையின் எல்லையை அணுகும்போது மயிரிழைப் பிளவுகள் தோன்றி ஒன்றோடொன்று கூடுகின்றன. அப்போது கசிவு பன்மடங்கு பெருகுகிறது. உடைந்த பாறை மீண்டும் அமுக்குண்டால், களிப்பாறை நீரில் ஊறி உப்பித் தன் பிளவுகளைத் தானே ஓரளவு அடைத்துக்கொள்ளும். மணற்பாறைக்கு அந்தச் சுபாவம் இல்லை. நீரும் வெறும் வழிப்போக்கன் அன்று. மொத்தப் பளுவைப் பாறைத்துகள்களும் துளைநீரும் பகிர்ந்துகொள்கின்றன என்று கார்ல் டெர்சாகி 1925-இல் நிலைநாட்டினார். துளைநீரின் அழுத்தம் உயர உயரத் துகள்கள் ஒன்றையொன்று பற்றும் பிடி தளர்ந்து பாறையே பலவீனமடைகிறது.

இதற்குத் தமிழ்நாட்டில் நெய்வேலியைக் காட்டிலும் பிரத்தியட்சமான சான்று வேறில்லை. அது நிலத்தடிச் சுரங்கமன்று, திறந்தவெளிச் சுரங்கமே. எனினும் நியாயம் ஒன்றுதான். அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகையின் கீழுள்ள மணலடுக்குகளில் சிறைப்பட்டிருக்கும் ஊற்றுநீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரையான விசையோடு மேல்நோக்கி உந்துகிறது. அதாவது, 60 முதல் 80 மீட்டர் உயர நீர்க்கம்பத்தின் அழுத்தம். மேல்மண் இருக்குமட்டும் அதன் கனம் இந்த உந்துதலை அடக்கி வைத்திருந்தது. மேல்மண்ணை அகற்றிவிட்டால், 20 மீட்டர் தடிப்புள்ள நிலக்கரியின் சுயகனம் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டரைக் கிலோகிராமைக்கூட எட்டாது. படுகை வெடித்துச் சுரங்கம் மூழ்குவதைத் தடுக்க வேறெதுவும் மிஞ்சாது. ஆகவேதான் அங்கே நிலக்கரி வெட்டுவதும் நீர் இறைப்பதும் பிரிக்கவொண்ணாத ஒரே தொழிலாக நடந்துவருகின்றன. அவ்வாறு இறைக்கையில் நீரின் அழுத்தம் தணிய, அது தாங்கிய பங்கும் மணற்துகள்களின் மேல் விழுந்து அடுக்கு சிறிது இறுகுகிறது. அந்த நீரடுக்கை நம்பியிருக்கும் கிணறுகளிலும் நீர்மட்டம் தாழ்கிறது. சுரங்கத்தைக் காக்கும் அந்தச் செயலின் விலையைக் கிணற்றுக்குரிய குடியானவனும் செலுத்துகிறான் என்பதைக் கணக்கில் கொள்ளாத நீரியல் அறிக்கை எமது அபிப்பிராயத்தில் அரைகுறையானதே.

நெய்வேலியின் அந்த மணலடுக்குகள் அடங்கிய, கடலூர் மணற்பாறை என்று நாம் வழங்கும் அதே படிவவரிசை, தெற்கே புதுக்கோட்டை வழியாகச் செட்டிநாட்டுச் செம்புரான் கல்லுக்கு அடியிலும் தொடர்கிறது; காரைக்குடி பருகும் நன்னீரும் அதன் கொடையே. இங்கே ஆழ்ந்த சுரங்கம் இல்லை. ஆயினும் நெய்வேலியின் அனுபவம் நமக்கு அந்நியமான சங்கதியன்று.

நிலத்தடிச் சுரங்கங்களில் நீரால் நேரும் அபாயம் எவ்வளவு கொடியது என்பதற்கு 1975-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் தன்பாத்தை அடுத்த சாஸ்னாலாவில் நேர்ந்த விபத்தே போதும். பழைய வெட்டுகளில் தேங்கிக் கிடந்த நீர் இடைத்தடுப்பை உடைத்துக்கொண்டு பாய்ந்ததில் 370-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். நீர் தேங்கிய பழைய வெட்டுக்கு 60 மீட்டருக்குள் அனுமதியின்றி வேலை செய்யலாகாது என்றது 1957-ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குவிதி. அவசியமான விதிதான். ஆனால் தூரம் என்பது வரைபடத்தில் அளக்கும் எண்; இடையில் நிற்கும் பாறை எவ்வளவு பளுவைத் தாங்குகிறது, அதன் துளைநீர் அழுத்தம் நேற்றைக்கு இன்று எப்படி மாறியிருக்கிறது என்பவற்றை அது சொல்லாது. வெட்டு தொடங்கும் முன்பே துளைநீர் அழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டர்களைப் பதித்து, வெட்டு முன்னேறுந்தோறும் அவற்றைப் படித்து, பாறையின் நகர்ச்சியோடும் பம்புகளின் இறைப்பளவோடும் ஒரே ஏட்டில் குறித்துவைப்பவரே ஆபத்தை முன்கூட்டி அறிய வல்லவர்.

எனவே, இவ்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் அன்பர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறோம். ஊடுருவுதிறனைக் குறிக்கும் எந்த எண்ணை எழுதினாலும், அது எந்த ஆழத்துப் பாறையில், எவ்வளவு பளுவின் கீழ், எவ்வளவு துளைநீர் அழுத்தத்தில் அளக்கப்பட்டது என்பதையும் உடன் எழுதி அனுப்புக.