மகளிருக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள்



பிரசவத்துக்குப் பின் வயிறு குறைய வேண்டும் என்று பல பெண்கள் உடனே சிட்-அப் செய்யத் தொடங்குகிறார்கள். கர்ப்ப காலத்தில் வயிற்றின் நடுவே இருபக்கத் தசைகளும் விலகுவது இயல்பு. சிலருக்கு அந்த விலகல் மாதக்கணக்கில் நீடிக்கும். அந்த நிலையில், நடுவயிறு கூம்பாகப் புடைக்கும்படி சிட்-அப் செய்வது நல்லதல்ல. மூச்சை விடும்போது அடிவயிற்றை மெல்ல உள்ளிழுப்பது, இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் கெகல் பயிற்சி ஆகியவற்றில் தொடங்கி, பிசியோதெரபிஸ்ட் ஆலோசனைப்படி முன்னேறுவதே பாதுகாப்பு. வயிற்றுப் பயிற்சி தசையை வலுவாக்கும்; அங்குள்ள கொழுப்பை மட்டும் தனியே கரைக்காது. பொதுவாகப் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சியும், 2 நாள் தசை வலுப் பயிற்சியும் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்.

இதற்குப் பெண்கள் எங்கே செல்வது? ஜிம், பிலாட்டிஸ் வகுப்புக் கட்டணம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. பூங்காக்களில் உள்ள உடற்பயிற்சிக் கருவிகளை ஆண்கள் நடுவே பயன்படுத்தப் பலர் கூசுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபின், சமூக நலக்கூடங்களில் மகளிருக்கென ஒரு மணி நேரம் ஒதுக்கி, தகுதியான பெண் பயிற்றுநரை உள்ளாட்சி நிர்வாகங்கள் நியமிக்க வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் தாய்மார்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இப்பயிற்சிகளைக் கற்றுத்தர அரசு ஆவன செய்ய வேண்டும்.

– ஒரு வாசகி, திருச்சி.